ஏரிக்கரையில் எம்மவர் விட்டு வருபவை

வைகாசி பிறந்து குளிர் விலகியதும் ஒன்ராறியோவின் ஏரிக்கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் தூண்டில்கள் முளைத்துவிடுகின்றன. ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியுடன் கலக்கும் முகத்துவாரத்திலும், வடக்கே சிம்கோ ஏரியின் படகுத்துறைகளிலும் சனி, ஞாயிறு தினங்களில் எமது குடும்பங்களைத் தாராளமாகக் காணலாம். வாரம் முழுவதும் தொழிற்சாலையில் நின்று களைத்த தந்தை, ஆங்கிலம் அதிகம் தெரியாத பாட்டனார், பாட்டனாரின் தமிழைப் பாதி விளங்கிக்கொள்ளும் பேரப்பிள்ளை என மூன்று தலைமுறையினரும் ஒரே கரையில் அமர்ந்து ஒரே மிதப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி மனத்துக்கு இதமானது. பெருஞ்செலவில்லாத பொழுதுபோக்கு. தொலைக்காட்சியின் முன் தனித்தனியே கிடக்கும் குடும்பங்களுக்கு இதனைத் தாராளமாகச் சிபார்சு செய்யலாம்.

இவ்வாரம் எடுத்துக்கொண்ட விடயம், அவர்கள் எழுந்து சென்ற பின் அக்கரையில் எஞ்சிக் கிடப்பவை பற்றியதாகும். சிக்குண்ட தங்கூசிச் சுருள்கள், துருவேறிய தூண்டில் முட்கள், ஈயக்குண்டுகள், புழு வாங்கிய கிண்ணங்கள், கோப்பிக் குவளைகள், பியர் ரின்கள், சோற்றுப் பொதி சுற்றிய பொலித்தீன், மீன் குடல், வேண்டாமென எறியப்பட்ட சிறுமீன்கள். இவை அனைத்தையும் எம்மவரே போடுகின்றனர் என்று எவரும் கூறவியலாது. தலைமுறை தலைமுறையாக இந்நாட்டில் வாழ்பவர்களும் போடுகிறார்கள். பல நாடுகளிலிருந்து வந்தவர்களும் போடுகிறார்கள். ஆயினும் இது எமது பத்திரிகை; இதனைப் படிப்போர் எமது மக்கள். பிறர் வீட்டு முற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் எமது முற்றத்தைப் பார்ப்பதே முறையாகும்.

தங்கூசி

எமது கரையோரக் கிராமங்களில் ஒரு காலத்தில் வலைகள் பருத்தி நூலினாலும் சணலினாலும் பின்னப்பட்டன. அறுந்து கடலில் போனால் அவை சில காலத்தில் உக்கி மறைந்தன. நைலோன் 1935 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கைக் கடற்றொழிலில் 1950களின் பிற்பகுதியிலிருந்து அது பரவத் தொடங்கிற்று. வலுவானது, உக்காதது, நீரில் கண்ணுக்குப் புலப்படாதது. இந்த மூன்று குணங்களுக்காகவே மீனவர் அதனை விரும்பினர். கரையில் எறியப்பட்ட பின் அதே மூன்று குணங்களும் தீமையாகின்றன. வலுவானதாகையால் பறவையால் அறுக்க முடிவதில்லை. உக்காததாகையால் நூற்றாண்டுகள் கிடக்கிறது. கண்ணுக்குப் புலப்படாததாகையால் விலங்கினால் விலகிச் செல்ல முடிவதில்லை.

வாத்தும் நாரையும் காலில் சுற்றிய தங்கூசியை இழுக்க இழுக்க அது மேலும் இறுகுகிறது. இரத்தவோட்டம் தடைப்பட்டுக் கால் அழுகிப்போகிறது. மீனை உண்டு வாழும் விராலடிப்பான் என்னும் பெரிய பறவை, கூடு கட்டுவதற்குக் குச்சிகளையும் புற்களையும் பொறுக்கும்போது கரையில் கிடக்கும் தங்கூசியையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறது. பின்னர் அக்கூட்டிலே பொரித்த குஞ்சுகள் அதில் சிக்கி, பறக்கும் பருவம் வந்தும் பறக்கமுடியாமல் மடிகின்றன. தாய்ப்பறவை தன் குஞ்சுக்கென ஆசையோடு கொண்டுவந்த பொருளே அதற்குச் சுருக்குக் கயிறாகிவிடுகிறது.

கரையில் செருப்பின்றி ஓடும் பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்கவேண்டும். அறுந்த தங்கூசியின் நுனியில் பெரும்பாலும் ஒரு முள் இருக்கும். அம்முள் உள்ளே எளிதில் இறங்கும். எதிர்முனை இருப்பதால் வெளியே எளிதில் வராது. வைத்தியசாலையின் அவசரப் பிரிவிலே பல மணி நேரம் காத்திருந்தவர்களுக்கு இதன் வேதனையை விளக்கத் தேவையில்லை.

காரீயம்

தூண்டிலை நீரில் ஆழ்த்துவதற்கு நாம் பயன்படுத்தும் குண்டு காரீயத்தினால் ஆனது. இது நஞ்சு என்பதை எம்மவரிற் பலர் அறியார். சிறிய ஈயக்குண்டைப் பல்லால் கடித்துத் தங்கூசியில் இறுக்கும் பழக்கம் எம்மிடையே உண்டு. பிள்ளைகளும் பெரியவர்களைப் பார்த்து அவ்வாறே செய்கின்றனர். காரீயம் வளரும் பிள்ளையின் மூளையையும் நரம்புகளையும் பாதிக்கும் பொருள் என்பது மருத்துவ உலகில் ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை. குறடு ஒன்றை எடுத்துச் செல்வது பெரிய காரியமன்று.

பறவைகளின் கதை இன்னும் துயரமானது. பறவைகளுக்குப் பல்லில்லை. அவை சிறு கற்களை விழுங்கி, அக்கற்களின் துணையால் இரைப்பையிலே உணவை அரைத்துக்கொள்கின்றன. கல்லென்று எண்ணி ஈயக்குண்டை விழுங்கும்போது, அதே அரைவையில் ஈயம் தேய்ந்து இரத்தத்தில் கலக்கிறது. தசைகள் சோர்கின்றன, பறக்க முடிவதில்லை, உண்ண முடிவதில்லை. ஒரு சிறு குண்டே ஒரு பெரிய பறவையைச் சில வாரங்களில் கொன்றுவிடப் போதுமானது.

இங்கிலாந்தில் இக்காரணத்தால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அன்னப்பறவைகள் இறந்தன. தேம்ஸ் நதியிலே அன்னங்கள் அருகிப் போயின. 1987 ஆம் ஆண்டு தை மாதத்திலிருந்து அங்கு பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. அதன் பின் அன்னங்கள் மீண்டும் பெருகின. பழைய குற்றங்கள் அனைத்தும் திருத்தப்பட முடியாதவை அல்ல என்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

கனடாவில் அன்னத்தின் இடத்தில் இருப்பது லூன் என்னும் நீர்ப்பறவை. 1987 முதல் ஒரு டொலர் நாணயத்தில் பொறிக்கப்பட்டுள்ள பறவை இதுவே. அதனாற்றான் அந்நாணயத்தை இங்கு அனைவரும் ‘லூனி’ என்கின்றனர். ஒன்ராறியோ மாகாணத்தின் பறவையும் அதுவே. ஓர் இணை லூன் ஆண்டொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு முட்டைகளே இடும். ஐந்து, ஆறு வயதாகும் வரை அது குஞ்சு பொரிப்பதில்லை. ஆகையால் வளர்ந்த பறவை ஒன்று இறப்பது ஓர் ஏரிக்குப் பேரிழப்பாகும். கனடிய ஏரிகளிலும் ஆறுகளிலும் ஆண்டொன்றுக்குச் சுமார் 500 தொன் ஈயக்குண்டுகள் தொலைக்கப்படுவதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். 1997 முதல் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளை மீன்பிடிக்க வைத்திருப்பது தடை செய்யப்பட்டுள்ளது. மற்றைய பெரும்பாலான ஏரிகளிலே அதனைத் தடுக்கும் காவலர் எமது மனச்சாட்சிதான். வெள்ளீயம், உருக்கு, பிஸ்மத் ஆகியவற்றாலான குண்டுகள் கடைகளிலே கிடைக்கின்றன. விலை சற்று அதிகம். ஒரு கோப்பியைத் தவிர்த்தால் அவ்விலையை ஈடுசெய்துவிடலாம்.

இரையும் குப்பையே

எஞ்சிய இரையை ஏரியில் கொட்டுவது புண்ணியம் என்று எண்ணுவோர் உளர். உயிரோடிருக்கும் சிறுமீனையும் புழுவையும் கொல்லாமல் விட்டுவிடுகிறோம், மீனுக்கும் உணவாகட்டும் என்பது அவர்களது எண்ணம். எண்ணம் நல்லது, விளைவு நல்லதன்று.

ஓர் ஏரியில் இல்லாத உயிரினம் இன்னோர் ஏரியிலிருந்து வாளியில் வந்து சேருமாயின், அது அங்குள்ளவற்றின் முட்டைகளை உண்டு, உணவைப் பறித்து, நோயையும் பரப்பலாம். ரவுண்ட் கோபி என்னும் சிறுமீன் ஐரோப்பாவின் கருங்கடல் பகுதியைச் சேர்ந்தது. கப்பல்களின் அடித்தட்டு நீரோடு வந்து, 1990 இல் சென் கிளெயர் ஆற்றிலே காணப்பட்டது. பின்னர் பேரேரிகளெங்கும் பரவியது. கப்பல் செல்லாத சிம்கோ ஏரிக்கு அது எவ்வாறு வந்தது? 2004 இல் அவ்வேரியில் விழும் பெஃபர்லோ ஓடையில் அது தென்பட்டபோது, எவரோ ஒருவரின் இரைவாளியே காரணமாயிருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஓடைக்கு நஞ்சிட்டு அழிக்க முயன்றனர். முயற்சி பலிக்கவில்லை, மீன் ஏரியை அடைந்துவிட்டது. ஒரு வாளியைக் கவிழ்க்க ஒரு நிமிடம் போதும். அதன் விளைவை அரசாங்கமொன்றினாலும் நிமிர்த்த முடியவில்லை.

மண்புழுவின் கதை இதனினும் வியப்பானது. நாக்கிளிப்புழு உழவனின் நண்பன் என்று பாடசாலையில் கற்பித்தோம். எமது மண்ணுக்கு அது உண்மை. ஆனால் ஒன்ராறியோவின் நிலம் பல்லாயிரம் ஆண்டுகள் பனிப்பாறையின் கீழ்க் கிடந்தது. அப்பாறை விலகிய பின் வளர்ந்த காடுகள் மண்புழுவின்றியே வளர்ந்தவை. இன்று இங்கு காணப்படும் மண்புழுக்களிற் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு வந்தவை. காட்டின் தரையை மூடியிருக்கும் இலைச்சருகை அவை விரைந்து தின்றுவிடுவதால், அச்சருகினுள் முளைக்கும் செடிகளும் அதை அண்டி வாழும் உயிர்களும் இடர்ப்படுகின்றன. ஓரிடத்து நன்மை இன்னோரிடத்தில் நன்மையாக இருப்பதில்லை என்பதைப் புலம்பெயர்ந்த எமக்கு வேறெவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்ராறியோச் சட்டப்படி இரைவாளியில் உள்ளதை நீரிலோ, நீரிலிருந்து 30 மீற்றருக்கு உட்பட்ட நிலத்திலோ கொட்டுவது குற்றமாகும். எஞ்சிய இரையைக் குப்பைப் பையில் இட்டு வீட்டிற்குக் கொண்டுவருவதே வழி. மீன் குடலும் அவ்வாறே. உண்ணத்தக்க மீனைப் பிடித்து வீணே அழுகவிடுவதும் இம்மாகாணத்தில் குற்றமென்பதை நினைவிற் கொள்க.

பனியின் மேல் விட்டவை

மாரியில் சிம்கோ ஏரி உறைந்ததும் அதன் மேல் சிறு குடில்கள் ஊர்போல எழுகின்றன. பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்போரில் இப்போது எம்மவரும் உளர். பனியின் மேல் போடப்பட்ட ரின்னும் பொலித்தீனும் அன்று நிலத்தில் கிடப்பவை போலவே தோன்றும். பங்குனியில் பனி உருகும்போது அவையனைத்தும் ஒரேயடியாக ஏரியின் அடிக்குச் செல்கின்றன. நிலத்துக் குப்பையையாவது அடுத்த நாள் எவரேனும் பொறுக்கலாம். ஏரியின் அடியிலுள்ளதைப் பொறுக்க எவரும் இலர்.

2007 ஐ மறக்கலாகாது

இனி இவ்விடயத்தின் மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். எமது பிள்ளைகளிற் பலர் இதனை அறியார்.

2007 ஆம் ஆண்டில் சிம்கோ ஏரிப் பகுதியிலும் ஒன்ராறியோவின் வேறு சில ஊர்களிலும் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஆசிய வம்சாவளியினர் தொடர்ச்சியாகத் தாக்கப்பட்டனர். பின்புறமாக வந்து நீருக்குள் தள்ளினர்; தூண்டில்களைப் பறித்து எறிந்தனர்; இனத்தைச் சொல்லி இழித்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் ஜோர்ஜினாப் பகுதியில் இரவு நேரத்தில் இவ்வாறு தள்ளியதில் தொடங்கிய மோதல், வாகனத்தில் தப்பிச் சென்றவர்களை மற்றொரு வாகனம் துரத்துவதில் சென்று முடிந்தது. துரத்தப்பட்ட வாகனம் விபத்துக்குள்ளாகி, அதிலிருந்த இளைஞர் ஒருவர் மூளையில் நிரந்தரப் பாதிப்புக்குள்ளானார். துரத்திய வாகனத்தை ஓட்டியவர் 2009 இல் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு இத்தாக்குதல்கள் பற்றி விசாரித்து, 2008 இல் ‘அச்சமின்றி மீன்பிடித்தல்’ என்று பொருள்படும் தலைப்பில் தனது அறிக்கையை வெளியிட்டது.

தாக்குதலை நியாயப்படுத்த முனைந்தவர்கள் கூறியவை எவை? இவர்கள் அனுமதிப்பத்திரம் இன்றிப் பிடிக்கிறார்கள், அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கிறார்கள், கரையை அசுத்தப்படுத்துகிறார்கள் என்பனவே.

இவ்விடத்தில் இரண்டு உண்மைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கவேண்டும். முதலாவது, எந்தக் குப்பையும் எந்த அடிக்கும் நியாயமாகாது. குப்பை போட்டவனுக்குத் தண்டம் விதிக்கச் சட்டம் உண்டு, உத்தியோகத்தர் உண்டு. ஒருவன் போட்ட ரின்னுக்காக அவனது நிறத்தையொத்த இன்னொருவனை நீரில் தள்ளுவது இனவெறியே. அதற்கு வேறு பெயரில்லை. நாம் சுத்தமாக நடந்தால்தான் எமக்கு இந்நாட்டில் உரிமை உண்டு என்பதும் பிழையான கருத்து. உரிமை நற்சான்றிதழ் பெற்றவர்களுக்கு மட்டும் வழங்கப்படும் பரிசன்று. இத்தகைய தாக்குதலோ மிரட்டலோ எம்மவர் எவருக்கேனும் நேர்ந்தால், வெட்கத்தினாலோ அச்சத்தினாலோ மறைக்காமல் பொலிசாரிடம் முறையிட வேண்டும். அகதியாக வந்தவர்கள் சீருடையைக் கண்டால் ஒதுங்குவது இயல்பு. அந்த அச்சத்தைத் தாக்குவோர் நன்கறிவர் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது உண்மை, முதலாவதைக் காட்டி நாம் தப்பிவிட முடியாது என்பதாகும். ‘வெள்ளையரும் போடுகிறார்கள்தானே’ என்னும் வாதத்தை எம்மவர் வாயில் அடிக்கடி கேட்கிறோம். வகுப்பறையிலே இது ஆசிரியர்களுக்கு மிகப் பழக்கமான வாதம். ‘சேர், அவனும் செய்தவன்’ என்று கூறாத மாணவனை இதுவரை கண்டதில்லை. அவனும் செய்தது உண்மையாயிருக்கும். ஆனால் அது இவனுடைய கணக்கிலிருந்து எதனையும் கழிப்பதில்லை. தங்கூசியில் சிக்கிய பறவைக்கு அதனை எறிந்தவரின் இனம் தெரியாது. கரையைச் சுத்தமாக வைத்திருப்பது அயலவரின் வாயை மூடுவதற்காகவன்று. பறவைக்காகவும், தண்ணீருக்காகவும், செருப்பின்றி ஓடும் பிள்ளைக்காகவும் அதனைச் செய்யவேண்டும். அயலவர் என்ன சொன்னாலும், எதுவுமே சொல்லாவிட்டாலும், அக்கடமை அவ்வாறே இருக்கும்.

கரையின் அருமை

ஊரிலே கரையை இழந்தவர்கள் எம்மிடையே உள்ளனர். மயிலிட்டித் துறைமுகம் 1990 இல் மக்கள் இடம்பெயர்ந்த பின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. 2017 ஆடியிலேதான் மக்களிடம் மீண்டது. இருபத்தேழு ஆண்டுகள் ஒரு சமூகம் தன் கடலைத் தொலைவில் நின்றே பார்த்தது. கரைக்குச் செல்ல அனுமதி கேட்டு நின்றவர்களின் பிள்ளைகள் நாம். இங்கு எவரிடமும் அடையாள அட்டை காட்டிக் கெஞ்சாமல், சோதனைச்சாவடி எதனையும் தாண்டாமல், ஒரு சிறு கட்டணத்துடன் ஏரிக்கரையில் அமர முடிகிறது. குப்பை மிகுந்த கரைகளில் முதலில் அறிவித்தற் பலகை வருகிறது. பின் வாகனத் தரிப்பிடம் மூடப்படுகிறது. இறுதியில் வேலி வருகிறது. வேலியின் பொருள் என்ன என்பதை எம்மைவிட நன்கறிந்தவர் யார்?

எமது மீனவர் பொருளை வீசியெறியும் வழக்கம் உடையவர்களாகவும் இருக்கவில்லை. கிழிந்த வலையை வாடியில் இருந்து பொத்தினர். பழைய கயிற்றை வேலிக்குக் கட்டினர். ஏழ்மை அதற்கு ஒரு காரணம். பொருளின் மேலிருந்த மதிப்பு மறு காரணம். ஏழ்மை நீங்கியபோது மதிப்பும் கூடவே நீங்கிவிட்டதுதான் வருந்தத்தக்கது. மலிவாக வாங்கிய பொருளை மலிவாகவே எறிகிறோம்.

செய்யத்தக்கவை

பெரிய திட்டங்கள் தேவையில்லை. தூண்டிற் பெட்டிக்குள் இரண்டு குப்பைப் பைகளை நிரந்தரமாக வைத்திருங்கள். ஒன்று உங்கள் குப்பைக்கு, மற்றையது முன்னையவர் விட்டுச் சென்றதற்கு. அறுந்த தங்கூசியை ஒரு சிறு போத்தலுக்குள் அடைத்துக்கொள்ளுங்கள். சில படகுத்துறைகளில் தங்கூசியைப் போடுவதற்கென்றே குழாய்கள் பொருத்தப்பட்டுள்ளன. அவை இல்லாத இடத்தில், வீட்டிற்குக் கொண்டுவந்து சிறு சிறு துண்டுகளாக வெட்டிக் குப்பையில் இடுங்கள். வெட்டாமல் இட்டால் குப்பைமேட்டில் உணவு தேடும் பறவைகளின் காலில் அது மீண்டும் சுற்றும்.

அனுமதிப்பத்திர விதிகளையும் அறிந்துகொள்ளுங்கள். ஒன்ராறியோவில் வதிவோரில் 18 முதல் 64 வயது வரையிலானவர்களுக்கு மீன்பிடி அனுமதிப்பத்திரம் அவசியம். அதற்கு இளையோருக்கும் மூத்தோருக்கும் அது தேவையில்லை. எனினும் வயதைக் காட்டும் அடையாளப் பத்திரம் கையில் இருக்கவேண்டும். எந்த மீனை, எக்காலத்தில், எத்தனை பிடிக்கலாம் என்பது ஏரிக்கு ஏரி வேறுபடும். விதிகளை ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடிய பிள்ளைகள் பாட்டனாருக்கு அதனைத் தமிழில் சொல்லிக் கொடுக்கட்டும். விதி தெரியாத முதியவர் ஒருவர் உத்தியோகத்தர் முன் தலைகுனிந்து நிற்க நேர்வது, அவரது குற்றமன்று. வாசிக்கத் தெரிந்தும் வாசித்துச் சொல்லாத எமது குற்றம்.

ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடையில் ஒன்றுகூடல்களை நடத்துகின்றன. கயிறிழுத்தலும் முட்டியுடைத்தலும் நடக்கட்டும்; கொத்துரொட்டியும் கூழும் இருக்கட்டும். அதே நாளில் ஒரு மணி நேரத்தைக் கரையைப் பொறுக்குவதற்கும் ஒதுக்கினால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஊரிலே பாடசாலை மணி அடிப்பதற்கு முன் வளவைக் கூட்டிப் பொறுக்கியே நாமெல்லாம் படித்தோம். அதனை எவரும் இழிவாக எண்ணியதில்லை. ஓரிடத்தைக் கூட்டிப் பொறுக்கியவனுக்கு அவ்விடத்தின் மேல் ஓர் உரித்து உண்டாகிவிடுகிறது. இங்கு பிறந்த எமது பிள்ளைகளுக்கு இந்நாட்டின் மேல் அத்தகைய உரித்து உண்டாக வேண்டுமாயின், குடியுரிமைப் பத்திரம் மட்டும் போதாது. அவர்கள் கையால் தொட்டுப் பேணிய ஒரு கரையாவது இருக்கவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை தூண்டிலோடு புறப்படும் குடும்பங்கள் பைகளையும் எடுத்துச் செல்வார்களாக. மீன் அகப்படுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பை நிறைவது நிச்சயம்.